செம்புத் தண்ணீர்க் காட்சி

வெள்ளிக்கிழமைகளில் ரயில் உச்சிப்புளிக்குப் பெரும்பாலும் தாமதமாகத்தான் வரும். தபால்காரர் மூக்கையா அங்கே பையை வாங்கிக்கொண்டு சைக்கிள் மிதித்து நம் ஊருக்கு வந்து சேர்வதற்குள் ஜும்ஆ தொழுகை முடிந்துவிடும். வாரப் பத்திரிகையை முதலில் என் கடையில் போடுவார். நான் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் அலுங்காமல் பிரித்தெடுத்துக்கொண்டு, மீதியைக் கடை வாசலில் கயிற்றில் தொங்கவிடுவேன். ஊருக்கு வருவது ஒரே பிரதி. கதைப் பக்கம் இல்லையே என்று யாரும் என்னிடம் குறைபட்டதில்லை. கதை வேண்டியவர்கள் அஸர் தொழுகைக்குப் பிறகு என் வாயால் கேட்டுக்கொள்வார்கள்.

தலைவர் மீரா சாகிபு அவர்களே, ஜமாஅத் முன்னால் நின்று பேசுவதற்குப் பதிலாக எழுதித் தருகிறேன் என்று நானேதான் கேட்டுக்கொண்டேன். என் வாயை இனி யாரும் நம்பப்போவதில்லை என்பது ஒரு காரணம். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்பது இன்னொன்று. போன வெள்ளிக்கிழமை அந்த வீட்டு வாசலில் கூடிய கூட்டத்தில் ஆளுக்கொன்று பேசினார்கள். யாருக்கும் முழுதாகத் தெரியாது. முழுதாகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆகவே நான் எழுதுவதே முறை.

நம் தெருப் பெண்களுக்கு அரபு எழுத்து தெரியும். குர்ஆன் ஓதுவார்கள், அரபு எழுத்தில் தமிழை எழுதிய பழைய ஏடுகளையும் வாசிப்பார்கள். பத்திரிகையில் வருகிற தமிழ் எழுத்து தெரியாது. அதனால் கதையானாலும் கடுதாசியானாலும் என்னிடம்தான் வரும். தபால்காரர் வெளியூர் ஆண்பிள்ளை, பெண்கள் அவர் முன்னால் வரமாட்டார்கள். ஆகவே தெருப் பெண்களுக்கு வரும் கடிதங்களை மூக்கையா என் கடையில் கொடுத்துவிடுவார். நான் போய்த் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவேன். இந்த ஏற்பாட்டைச் செய்தது தங்கள் தகப்பனார் காலத்து ஜமாஅத். இதைக் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன்.

ஐம்பத்து நான்காம் வருடம் 'ஏழாம் சுழி' என்ற தொடர்கதை தொடங்கியது. அப்படி ஒரு கதையை நம் தெரு அதுவரை கேட்டதில்லை. ஆழிமாறன் என்று ஒரு முத்துக்குளிக்கும் இளவரசன். கடலுக்கடியில் ஏழு சுழிகள், ஏழாவது சுழிக்குள் பவளத்தால் கட்டிய ஒரு நகரம். அங்கே சிறைப்பட்டுக் கிடக்கும் தன் குலத்தாரை மீட்கப் போகிறான். தீவளவு பெரிய ஒரு ஆமை அவனைச் சுமந்து போகிறது. கரையில் அவன் மனைவி தேன்குழலி காத்திருக்கிறாள்.

கதை கேட்கும் இடம் சுலைகா வீட்டு நடை. அந்த வீட்டில் இருந்தது இரண்டு பெண்கள்தான். ஒன்று சுலைகா, இன்னொன்று அவள் மாமி காலிதா. மாமியின் மகன் ஹமீது சுல்தான் சுலைகாவை நிக்காஹ் செய்த மறுவருடமே இலங்கைக்குப் போய்விட்டார். கொழும்பில் இல்லை. நம் ஊர்க்காரர் யாரும் எட்டிப் பார்க்காத பண்டாரவளையில், மலைமேல் ஒரு ஜவுளிக் கடையில் இருந்தார். பாஸ்போர்ட், விசா என்று வந்த பிறகு நினைத்தபோது வந்துபோக முடியாமல் போயிற்று. மாதம் ஒரு கடிதம் வரும். தெருப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் திரைக்குப் பின்னால் கூடுவார்கள், சுலைகாவின் தங்கை மலிகா உட்பட. இந்தப் பக்கம் நானும் மூக்கையாவும். மூக்கையாவுக்கு வாசிக்கத் தெரியும். ஆனாலும், "நானா அச்சுல படிச்சா மேல்விலாசம் படிக்கிற மாதிரி இருக்கு பாய். நீங்க வாசிச்சாத்தான் ஆமை நீந்துது" என்பார்.

கதை சொன்னால் ஒருவர் உம் கொட்ட வேண்டும். இது தங்களுக்குத் தெரியாததல்ல. எங்கள் கூட்டத்தில் உம் கொட்டியது சுலைகா. அவள் முகத்தை நான் பார்த்ததே இல்லை, இன்றுவரை. என்னைப் பற்றி இப்போது என்னவெல்லாமோ பேசுகிறார்கள். அது அபாண்டம். அந்த 'ம்' ஒன்றைத்தான் நான் அறிவேன். மற்றப் பெண்கள் எங்கே வேண்டுமானாலும் 'ம்' சொல்வார்கள். சுலைகா எங்கே சொல்ல வேண்டுமோ அங்கே மட்டும் சொல்வாள். ஆமை முதன்முதலாகத் தண்ணீருக்குள் அமிழ்கிற இடத்தில் அவள் ஒன்றும் சொல்லவில்லை. நான் நிறுத்திக் காத்திருந்தேன். மூச்சு விடும் நேரம் கழித்து, மிகச் சன்னமாக, "ம்" என்றாள். மனைவி மவுத்தாகிப் பதினோரு வருடம் ஆன வீட்டில் தனியாக இருக்கிறவனுக்கு அது எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை.

நாற்பத்தேழாவது வாரம் கதாசிரியர் ஆழிமாறனைக் கொன்றுவிட்டார். ஏழாம் சுழியில் மூச்சடைத்துச் சாகிறான். ஆமை உடலைக் கரையில் கொண்டுவந்து போடுகிறது. தேன்குழலி அந்த ஆமையின் முதுகில் ஏறிக் கடலுக்குள் போய்விடுகிறாள். கடையில் வைத்து அதை ஒருமுறை வாசித்தேன். கணவன் கடல் கடந்து இருக்கிற பெண்கள் அந்தத் திரைக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். அவர்கள் முன்னால் இதை எப்படி வாசிப்பது என்று யோசித்தேன். அன்று நான் வாசித்த கதையில் ஆழிமாறன் சாகவில்லை.

என் கதையில் அவன் ஆமை முதுகிலிருந்து இறங்கி, சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு வீட்டுக் கிணற்றடிக்கு வருகிறான். தேன்குழலி தண்ணீர் இறைத்துக்கொண்டிருக்கிறாள். பின்னால் வந்து நின்று அவன் கேட்கிறான்: "உப்புத் தண்ணியே குடிச்சுக் குடிச்சு வாயெல்லாம் புண்ணாப் போச்சு. நம்ம கெணத்துத் தண்ணி ஒரு செம்பு, உன் கையால மொண்டு தந்தாப் போதும்."

திரைக்குப் பின்னால் அழுகைச் சத்தம் கேட்டது. மூக்கையா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நல்ல தண்ணீருக்கு அலைகிற ஊர் நம்முடையது. அந்தக் காட்சி ஒவ்வொரு வீட்டுக்கும் போயிற்று. வெயிலில் வந்தவர்கள் தண்ணீர் கேட்டால்கூட "உன் கையால மொண்டு தந்தாப் போதும்" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தாங்களும் ஒருமுறை பள்ளிவாசல் ஹவுள் தொட்டியருகே அப்படிச் சொல்லிச் சிரித்தீர்கள். மீதி ஐந்து வாரக் கதையும் என்னுடையதே. அச்சில் வந்த பக்கங்களைக் கையில் வைத்துக்கொண்டு, இல்லாததை வாசித்தேன். யாருக்கும் ஒரு தீங்கும் இல்லை.

ஐம்பத்தாறில், 'ஏழாம் சுழி' சினிமாவாக வரப்போகிறது என்ற செய்தியை மூக்கையா கொண்டுவந்தார். அந்த வெள்ளிக்கிழமை நான் வேறு ஒரு கதை கொண்டுபோயிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை.

"ஆழிமாறனா நடிக்கிறவருக்கு வயிறு முன்னால வருதாமுல்ல காக்கா, அவரு எப்புடிச் சுழிக்குள்ள முங்குவாரு?" என்று அண்ணன் முறையில் என்னை மலிகா கேட்டாள்.

"அவரு முங்க வேணாம் தாயி. அவரைக் கண்டா சுழியே ஒதுங்கிக்கிரும்" என்றார் மூக்கையா.

"ஆமைக்கு என்ன செய்வாக?"

"அட்டையில செஞ்சு, உள்ளுக்குள்ள நாலு பேரு நின்னு தள்ளுவாங்கெ. ஒருத்தன் காலு வெளிய தெரியும், பாரேன்."

தேன்குழலி புருசனைக் காணாமல் அழும்போது சுற்றிலும் இருபது பேர் ஆடுவார்களோ என்று ஒருத்தி கவலைப்பட்டாள். நகைச்சுவை நடிகர் ஒருவரை ஆமைப்பாகனாக நுழைத்துவிடுவார்கள் என்றாள் இன்னொருத்தி. சிரிப்பும் கவலையுமாக அஸரிலிருந்து மஃரிப் தொழுகை வரை போயிற்று. கடைசியில் சுலைகா பேசினாள். அவள் கூட்டத்தில் பேசுவது அபூர்வம்.

"ஆடுறது பாடுறது எல்லாத்தையும் செஞ்சுக்கிறட்டும் காக்கா. செம்புத் தண்ணியை மட்டும் எடுத்துறக் கூடாது. அதை எடுத்துட்டா அப்புறம் என்ன கதை அது? அவுக வர்றதுதானே கதை."

அவள் 'அவுக' என்று சொன்னது ஆழிமாறனையா ஹமீது சுல்தானையா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்.

படக் கம்பெனிக்கு ஒரு கடிதம் போட வேண்டும் என்று முடிவாயிற்று. அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஆமையின் கண் பச்சையாக இருக்க வேண்டும், தேன்குழலி நிறையப் பவுடர் போடக் கூடாது, முக்கியமாகச் செம்புத் தண்ணீர்க் காட்சி ஒரு சொல் குறையாமல் வர வேண்டும். காட்சியை முழுதாக எழுதியே அனுப்பினேன். ஆம், அனுப்பினேன். அனுப்பாமல் இருந்திருக்கலாம். ஆனால் தலைவர் அவர்களே, மனித மனம்தானே. சென்னையில் யாரோ ஒரு பெரிய மனிதர் அதை வாசித்து, இது கதாசிரியர் எழுதியதைவிட நன்றாக இருக்கிறதே என்று நினைக்கலாம் அல்லவா? திரையில் என் காட்சி வந்துவிட்டால், கதையும் நான் சொன்னபடியே ஆகிவிடும். பதில் வரும்வரை நான் வைத்திருந்த நம்பிக்கை அதுதான்.

மூன்று மாதத்தில் பதில் வந்தது. "தாங்கள் குறிப்பிடும் காட்சி நாவலில் இல்லை. மூலக்கதை சற்றும் மாறாமல் படம் எடுக்கப்படும்" என்று எழுதியிருந்தார்கள். தங்கள் விருப்பப்படியே செய்கிறோம் என்று எழுதியிருப்பதாக வாசித்தேன். பெண்கள் மகிழ்ந்தார்கள். அந்தத் தாளை வைத்துக்கொள்ளட்டுமா என்று சுலைகா கேட்டாள். திரைக்கடியில் தள்ளினேன்.

இதற்கிடையில் காலிதா மாமி மவுத்தானார்கள். கடைசி நாட்களில் மகன் கடிதத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நான் தினமும் போய் வாசித்தேன். "என் மகன் வர்ற பெருநாளைக்கு வர்றான்" என்று சொல்லிச் சிரித்த முகத்தோடு போனார்கள். ஜனாஸாவில் தாங்களும் இருந்தீர்கள், அந்த முகத்தைப் பார்த்தீர்கள். என் கணக்கில் நல்லது ஏதாவது எழுதப்பட்டிருந்தால் அது அங்கே எழுதப்பட்டிருக்கும்.

படம் இந்த வருடம் வந்தது. உச்சிப்புளி டூரிங் கொட்டகைக்கு வரும்போது பெண்கள் பக்கம் படுதா கட்டுவார்களாம், மாட்டுவண்டி பூட்டிக்கொண்டு எல்லோரும் போகலாம் என்று மலிகா திட்டம் போட்டாள். நான் தங்களிடம் வந்தேன். நினைவிருக்கும். சினிமாவுக்குப் போகிற வீட்டுப் பெண்களை ஊர் விலக்கி வைக்கும் என்ற தீர்மானத்தில் தாங்கள் கையெழுத்திட்டீர்கள். அதன் வாசகம் என்னுடையது. கொட்டகையின் கேடுகளை நன்றாக எழுதியிருந்ததாகப் பாராட்டினீர்கள். படத்தைக் கண்டு பெண்கள் கெடுவார்கள் என்று நான் நினைத்ததில்லை.

மூக்கையாவுக்கு அந்தத் தீர்மானம் பொருந்தாது. அவர் ராமநாதபுரத்துக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சைக்கிளைச் சாத்துவதற்குள் மலிகா திரைக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "அண்ணே, செம்புத் தண்ணி வருதா?"

"என்னத்தை வருது. ஆளைக் கொன்னுப்புட்டாங்கெ தாயி. சுழிக்குள்ளயே செத்துப் போறான். பொணத்தைக் கொண்டாந்து கரையில போடுது ஆமை. கெணறும் இல்ல, செம்பும் இல்ல. நல்ல கதையக் கெடுத்துக் குட்டிச்செவராக்கிட்டாங்கெ."

திரைக்குப் பின்னால் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். படக் கம்பெனியைத் திட்டினார்கள். எழுதிக் கொடுத்த வாக்கை மீறிவிட்டார்களே என்றார்கள். கதாசிரியர் பாவம், தன் கதையை இப்படிச் செய்ததைப் பார்த்து என்ன பாடுபடுவார் என்று மலிகா வருத்தப்பட்டாள். நானும் வருத்தப்பட்டேன். படம் எடுத்தவர்கள் ஒரு சொல்கூட மாற்றாமல் எடுத்திருந்தார்கள். கதையைக் கெடுத்தவர்கள் என்ற பெயர் அவர்களுக்குப் போயிற்று. அன்று வீட்டுக்குப் போகும்போது, அல்லாஹ் என்னை மன்னித்துவிட்டான் என்று நினைத்தேன்.

ஆனால் மூக்கையா உண்மையான ரசிகர். ராமநாதபுரத்துக் கொட்டகை வாசலில் அவர் சண்டை போட்டிருக்கிறார். புத்தகத்திலும் அவன் சாகத்தானே செய்கிறான் என்று ஒருவன் சிரித்திருக்கிறான். அது இவருக்குப் பொறுக்கவில்லை. 'ஏழாம் சுழி' புத்தகமாக வந்திருந்தது. வாங்கிக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை நடைக்கு வந்தார்.

"பாய், நானும் தொறந்து பாக்கல. கடைசி அத்தியாயத்தை நீங்களே வாசிங்க. எல்லாரும் கேக்கட்டும். கேட்டுட்டுப் போயி அந்தப் பயலை நான் பாத்துக்கிறேன்."

வாங்கினேன். பிரித்தேன். ஆழிமாறன் சொட்டச் சொட்ட நனைந்த துணியோடு கிணற்றடிக்கு வந்தான் என்று வாசிக்க ஆரம்பித்தேன். எப்போதும் எதிரே உட்காருகிற மூக்கையா அன்று ஆசையில் என் பின்னால் வந்து நின்றுகொண்டார். அந்த வரியைக் கண்ணாலும் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அவர் விரல் என் தோளுக்கு மேலாக வந்து பக்கத்தில் தேடியது.

"பாய், அது எந்த வரியில இருக்கு?"

அவர் புத்தகத்தை என் கையிலிருந்து மெதுவாக எடுத்தார். எழுத்துக் கூட்டுவது போலத் தடுமாறித் தடுமாறி ஒரு பக்கம் முழுக்க வாசித்தார். ஆழிமாறன் செத்தான். ஆமை அவனைக் கரையில் போட்டது. வாசித்து முடித்து, "என்ன பாய் இது" என்று மட்டும் கேட்டார்.

நான் காரணத்தை விளக்கினேன். பெண்கள் மனம் நோகக் கூடாது என்பதற்காக ஒரு சிறு மாற்றம் செய்தேன் என்றேன். நன்றாகவே பேசினேன். திரைக்குப் பின்னாலிருந்து 'ம்' வரவில்லை. சுலைகாவின் குரல்தான் கேட்டது.

"காக்கா, அப்ப அவுக கடுதாசி?"

அதற்கு நான் ஏதோ சொல்ல வாயெடுப்பதற்குள், திரைக்கடியிலிருந்து ஒரு பட்டுத்துணி முடிச்சு வந்தது. அத்தர் வாசனை. உள்ளே நான் நாலு வருடமாகக் கொடுத்த கடிதங்கள், ஒன்றுகூடக் கசங்காமல் இருந்தன.

"மூக்கையாண்ணே, இதை வாசிங்க. உள்ளது உள்ளபடி வாசிங்க."

மேலே இருந்ததை அவர் எடுத்தார். போன மாதம் நான் வாசித்துக் கொடுத்தது. மலையில் பனி அதிகம், கம்பளி ஒன்று வாங்கியிருக்கிறேன், உனக்கும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறேன் என்று வாசித்திருந்தேன். மூக்கையா வாசித்தார்: "'மதார் அவர்களுக்கு. சென்ற தடவை அனுப்பிய தீப்பெட்டிப் பண்டல் இரண்டில் ஈரம் ஏறியிருப்பதாக எழுதியிருந்தீர்கள்.'" என் பெயருக்குக் கடைச் சரக்கு பற்றி வந்த கடிதம் அது. அடுத்ததை எடுத்தார். பத்திரிகை ஏஜென்சியிலிருந்து வந்தது. அதற்கடுத்தது சோப்புக் கம்பெனிக்காரருடையது. படக் கம்பெனியின் பதிலும் அதில் இருந்தது. அதையும் வாசித்தார்.

"நாலு வருசமா இலங்கைத் தபாலு ஒண்ணுகூட நான் கொண்டாரலையே தாயி" என்றார். "ஆளு வசம் குடுத்துவிடுறாகன்னு இவரு சொன்னாரு. நானும் சரின்னுட்டேன்."

கூட்டம் கூடியதும், தாங்கள் வந்ததும், ஹமீது சுல்தான் மவுத்தாகி நாலு வருடம் ஆகிறது என்று நான் சொன்னதும் தங்களுக்குத் தெரியும். தங்களுக்குத் தெரியாததை இனி எழுதுகிறேன்.

ஹமீது சுல்தானின் மவுத்துச் செய்தி கதையின் நாற்பத்தேழாவது வாரம் வந்தது. கடை முதலாளி எழுதியிருந்தார். அதே பையில்தான் ஆழிமாறன் செத்த பக்கங்களும் இருந்தன. ஒரே நாளில் இரண்டையும் அந்த வீட்டில் வாசிக்க எனக்குத் திராணி இல்லை. இரண்டையும் மாற்றினேன். அதன் பிறகு மாதாமாதம் கடிதம் வேண்டியிருந்தது. கடைக்கு வந்த கடிதங்களில் கையால் எழுதியதாகப் பார்த்து எடுத்துக்கொண்டு போனேன். வீட்டுச் செலவு, அவர் அனுப்பும் பணம் என்ற பெயரில், என் கடையிலிருந்து போயிற்று. அவள் பட்டினி கிடக்கவில்லை. அப்போதே சொல்லியிருந்தால் விதவைக்குரிய இத்தா இருந்து, வேறு நிக்காஹ் செய்து, இன்று இரண்டு பிள்ளைகளோடு இருப்பாளே என்று தாங்கள் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அவள் வயது அப்போது இருபத்துமூன்று. அதை நான் யோசிக்கவில்லை.

ஆனால் அது நாலாவது கடிதம். அதற்கு முன்னால் மூன்று உண்டு.

முதலாவது முப்பத்துமூன்றாவது வாரம் வந்தது. நெஞ்சில் சளி கட்டி இரத்தம் வருகிறது, ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், உம்மாவையும் சுலைகாவையும் பார்க்க வேண்டும் என்று எழுதியிருந்தார். இருவரும் வந்துபோக அனுமதி வாங்கி, மண்டபம் முகாமில் காட்ட வேண்டிய தாள்களையும் உள்ளே வைத்திருந்தார். தனுஷ்கோடியில் கப்பல் ஏறினால் இரண்டு நாளில் அவர் கட்டிலருகே போய்விடலாம். அந்த வாரம் கதையில் ஆழிமாறன் மூன்றாம் சுழியைத் தாண்டியிருந்தான். அவள் போனால் திரும்பி வர இரண்டு மூன்று மாதமாவது ஆகும். உம் கொட்ட ஆள் இல்லாமல் நான் யாருக்கு வாசிப்பது? காய்ச்சல்காரர் எழுதுவது எப்போதும் கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். அந்த நோய் ஒட்டுகிற நோய், அவளைக் காப்பாற்றுவதும் என் பொறுப்பு என்று நினைத்தேன். கதை முடியட்டும், பிறகு கொடுக்கலாம் என்று வைத்தேன். ஏன் வரவில்லை என்று கேட்டு இரண்டாவது வந்தது. அதையும் வைத்தேன். அனுமதித் தாளுக்கு ஒரு மாதத் தவணை இருந்தது, அது முடிந்தது.

மூன்றாவது கடிதம் அரபு எழுத்தில் இருந்தது. தன் முந்தைய கடிதங்கள் அவளுக்கு வாசித்துக் காட்டப்படவில்லையோ என்று அவருக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் ஓதிப் பார்க்க வந்த ஒரு ஆலிமைப் பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறார். "சுலைகா, இதை நீயே வாசிப்பாய்" என்றுதான் தொடங்குகிறது. இந்தக் கடிதத்துக்கு நான் தேவையில்லை. திரைக்கடியில் தள்ளிவிட்டு வந்திருந்தால் போதும். கையில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டு முனைவரை போனேன். அவளே வாசித்துக்கொள்வாள் என்று நினைத்தபோது, என்னவோ போலிருந்தது. திரும்பி வந்துவிட்டேன்.

அதில் அவர் கோபமாக எதுவும் எழுதவில்லை. உனக்கு வர இஷ்டமில்லை போலிருக்கிறது, நான் வருத்தப்படமாட்டேன், இத்தனை வருடம் தனியாக விட்டவன்மேல் உனக்குச் சடைவு இருக்கும்தானே என்று இருந்தது. பிறகு ஒரு வரி. "மருந்து குடிச்சுக் குடிச்சு வாயெல்லாம் புண்ணாப் போச்சு. நம்ம கெணத்துத் தண்ணி ஒரு செம்பு, உன் கையால மொண்டு தந்தாப் போதும்."

மருந்து என்று இருந்ததை நான் உப்புத் தண்ணீர் என்று மாற்றினேன். அந்தக் காட்சியில் என் பங்கு அவ்வளவுதான்.

'ஏழாம் சுழி' ஐம்பத்திரண்டு வாரத்தையும் சேர்த்து நானே பைண்டு செய்து வைத்திருக்கிறேன். நான்கு கடிதங்களையும் அந்தந்த வாரத்துப் பக்கங்களுக்கு நடுவில் வைத்துத் தைத்திருந்தேன். எதையும் நான் அழிக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன். அந்தப் புத்தகத்தை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

இத்தாக் காலம் முடிந்து மூன்றரை வருடத்துக்கு மேல் ஆகிறது, இனி இருக்க வேண்டியதில்லை என்று ஆலிம் எடுத்துச் சொல்லியும், சுலைகா கேட்காமல் வெள்ளைத் துணி உடுத்தி இத்தா உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நாலு மாதம் பத்து நாள். மலிகாவைத் தவிர யாரிடமும் பேசுவதில்லையாம். செய்த குற்றத்தை நான் ஒப்புக்கொள்கிறேன். ஊரை விட்டுப் போகச் சொன்னாலும் போகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள். இதைத் தாங்கள் யாரைக்கொண்டாவது அவளுக்கு வாசித்துக் காட்டுவீர்கள். அப்போது அந்தச் செம்புத் தண்ணீர் வரி யாருடையது என்ற இடத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். அந்த இடத்தில் வாசிப்பதற்கென்று வேறொரு பத்தி எழுதிப் பின்னால் குத்தியிருக்கிறேன்.

புத்தகத்தில் மூன்று கடிதம்தான் இருக்கும். அரபு எழுத்தில் உள்ளதை நேற்று பிரித்து எடுத்துவிட்டேன். பத்திரமாக என்னிடம் இருக்கிறது. அவளுக்கு அதை வாசிக்கத் தெரியும், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் எழுத்துத் தெரிவது வேறு, வாசிப்பது வேறு. இப்போதிருக்கும் நிலையில் அதை அவள் தனியாக வாசித்தால் தாங்கமாட்டாள். இத்தா முடிந்து வருகிற முதல் வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பிறகு, தாங்கள் அனுமதித்தால் நானே போய்த் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து நிதானமாக வாசித்துக் காட்டுகிறேன். எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குத் தெரியும். அவள் 'ம்' சொல்லும்வரை காத்திருப்பேன்.